நாமினி வேறு, வாரிசு வேறு: சேர்த்த சொத்து அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகிறது?

2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் பதியலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. செய்தி வந்ததும் பலருக்கு ஒரே சந்தேகம். "மனைவிக்கு 50 சதவீதம், மகனுக்கு 25, மகளுக்கு 25 என்று போட்டுவிட்டால் உயில் எழுத வேண்டியதில்லைதானே?" இதற்குச் சுருக்கமான பதில், இல்லை என்பதுதான். ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொண்டால், ஒரு குடும்பத்தின் சொத்து எப்படித் தலைமுறை தாண்டுகிறது, எங்கே சிக்கி நிற்கிறது என்ற பெரிய கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

சம்பாதிப்பது, சேமிப்பது, முதலீடு செய்வது பற்றி நிறையப் பேசுகிறோம். சேர்த்ததைக் கைமாற்றுவது பற்றி வீட்டில் பேச்செடுத்தாலே "இப்போ எதுக்கு அபசகுனமா?" என்று அடக்கிவிடுகிறோம். நடுத்தரக் குடும்பங்களின் சொத்து பெரும்பாலும் இந்த மௌனத்தில்தான் கரைகிறது என்பது என் கருத்து. ஊதாரித்தனத்தால் அழிந்த சொத்தைவிட, யாருக்கு என்ன என்று எழுதி வைக்காததால் முடங்கிப்போன சொத்து அதிகம்.

இங்கே சொல்லப்படும் வாரிசுச் சட்டம் இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956. இது பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் பொருந்தும். கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். இஸ்லாமியர்களுக்கு அவர்களுடைய தனிநபர் சட்டம். அதன்படி பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. மற்றபடி நாமினி, வரி, ஆவணங்கள் பற்றிய செய்திகள் எல்லோருக்கும் பொது.

நாமினி என்பவர் யார்?

நீங்கள் இறந்த பிறகு வங்கியோ நிறுவனமோ பணத்தை யார் கையில் கொடுக்க வேண்டும் என்பதற்கான பெயர்தான் நாமினி. அவர் வாங்கிக்கொள்ளும் கை. அந்தப் பணம் யாருக்குச் சொந்தம் என்பதை உயில் தீர்மானிக்கும். உயில் இல்லாவிட்டால் வாரிசுச் சட்டம் தீர்மானிக்கும்.

1. ஆயுள் காப்பீட்டுப் பணம் பற்றி 1983-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம், ஆனால் வாரிசுகள் தங்கள் பங்கைக் கேட்கலாம்.

2. வங்கிக் கணக்குக்கும் 2010-இல் இதே நிலைதான் உறுதியானது.

3. பங்குகள், மியூச்சுவல் ஃபண்டு விஷயத்தில் மட்டும் கம்பெனிச் சட்டத்தின் வாசகத்தைக் காட்டி "நாமினிக்கே சொந்தம்" என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அதையும் ஏற்க மறுத்தது. பங்குகளிலும் நாமினி உரிமையாளர் ஆகிவிடுவதில்லை.

4. காப்பீட்டில் 2015-இல் ஒரு திருத்தம் வந்தது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்கிறது அது. இருந்தாலும் மற்ற வாரிசுகள் வழக்குப் போடுவது நிற்கவில்லை. எனவே நாமினி பெயரையும் உயிலையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி வைப்பதே பாதுகாப்பு.

சரி, அப்படியானால் நாமினி எதற்கு? வேகத்துக்கு. நாமினி இருந்தால் வங்கி அதிகம் கேள்வி கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிடும். உரிய ஆவணங்களைக் கொடுத்த 15 நாட்களுக்குள் இறந்தவரின் கணக்கைத் தீர்த்து வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. ஆஸ்பத்திரி பாக்கி, ஈமச் செலவு, பள்ளிக் கட்டணம் என்று கைக்காசு தேவைப்படும் அந்த நேரத்தில் நாமினி பெயர் இருப்பது பெரிய உதவி. அதனால் நாமினி கட்டாயம் போடுங்கள். அதோடு வேலை முடிந்துவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

புதிய விதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டெபாசிட்டுகளில் நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் சதவீதம் பிரித்துப் போடலாம். கூட்டினால் 100 வர வேண்டும். அல்லது ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவர் என்று வரிசையாகப் போடலாம். லாக்கருக்கு இந்த வரிசை முறை மட்டும்தான்; சதவீதம் கிடையாது.

எதுவுமே எழுதாமல் போனால்?

ஒருவர் தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. மதிப்பு 60 லட்சம். அவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள். விதவைத் தாயும் உடன் இருக்கிறார். ஊரில் ஒரு தம்பி, ஒரு தங்கை. உயில் எழுதாமல் அவர் திடீரென்று இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"வீடு மனைவிக்கு" என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1. மனைவி, மகன், மகள், தாய் ஆகிய நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்குச் சமமாகக் கால் பங்கு. அதாவது 15 லட்சம். (தந்தை முதல் வகுப்பில் இல்லை. பலருக்கு இது புதுச் செய்தி.)

2. மூன்று வருடம் கழித்துத் தாயும் உயில் எழுதாமல் இறக்கிறார். அவருடைய 15 லட்சம் அவருடைய மூன்று பிள்ளைகளின் கிளைகளுக்குப் போகும். தம்பிக்கு 5 லட்சம், தங்கைக்கு 5 லட்சம். இறந்த மூத்த மகனின் பங்கான 5 லட்சம் அவருடைய மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கு இரண்டரை லட்சம்.

3. இப்போது அந்த வீட்டுக்கு ஐந்து உரிமையாளர்கள்: மனைவி 15, மகன் 17.5, மகள் 17.5, தம்பி 5, தங்கை 5.

வீட்டை முழுதாக விற்க வேண்டுமென்றால் ஐந்து கையெழுத்து வேண்டும். அடமானம் வைத்துக் கடன் வாங்கவும் அப்படித்தான். தம்பியும் தங்கையும் நல்லவர்களாக இருந்தால் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அவர்களும் எழுதாமல் இறந்தால் அந்த 5 லட்சம் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பிரியும். ஒருவர் துபாயில், ஒருவர் அமெரிக்காவில் என்றால் பவர் பத்திரத்துக்கு அலைய வேண்டும். யாரும் யாரையும் ஏமாற்றாமலேயே, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமலேயே ஒரு வீடு இப்படி முடங்கிவிடும். இறந்தவர் ஒரே ஒரு தாளில் நான்கு வரி எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

பெண்கள் உயில் எழுதுவது ஏன் இன்னும் அவசரம்?

இந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் வாரிசு வரிசை வேறு வேறு. உயில் எழுதாத பெண்ணின் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகும். அவர்கள் யாரும் இல்லாவிட்டால் அடுத்து வருவது அவளைப் பெற்ற தாய் தந்தை இல்லை, கணவனின் வாரிசுகள். பெற்றோர் அதற்கும் பிறகுதான். தாய் தந்தையிடமிருந்து வாரிசாக வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பிள்ளைகள் இல்லாத நிலையில் அது தந்தை வழி வாரிசுகளுக்குத் திரும்பும். அவள் சொந்த உழைப்பில் சேர்த்ததற்கு அந்த விலக்கு கிடையாது.

2009-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கைப் படித்தால் மனம் கனத்துவிடும். கல்யாணமான மூன்றே மாதத்தில் ஒரு பெண்ணின் கணவர் இறந்துபோகிறார். புகுந்த வீட்டார் அவரை வெளியேற்றிவிடுகிறார்கள். பெற்றோர் வீட்டுக்கு வந்து, படித்து, வேலைக்குப் போய், வாழ்நாள் முழுக்கச் சேமிக்கிறார். 1996-இல் உயில் எழுதாமல் இறக்கிறார். அவருடைய சேமிப்பைப் பெற்ற தாய் கேட்டார். நீதிமன்றம் அது கணவரின் சகோதரி பிள்ளைகளுக்கே போகும் என்று தீர்ப்பளித்தது. அனுதாபத்துக்காகச் சட்டத்தின் வாசகத்தை மாற்ற முடியாது என்பது அதன் நிலை.

2025 நவம்பரில் இதே சட்டப் பிரிவு மறுபடி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதி வைக்க வேண்டும் என்று நீதிபதிகளே வேண்டுகோள் விடுத்தார்கள். இன்று வேலைக்குப் போகும் பெண்களுக்கு பி.எஃப்., பிளாட், மியூச்சுவல் ஃபண்டு எல்லாம் சொந்தப் பெயரில் இருக்கின்றன. கல்யாணமாகாதவர், பிள்ளை இல்லாதவர், கணவரை இழந்தவர், தாய் தந்தையைத் தாங்கிக்கொண்டிருப்பவர் யாராக இருந்தாலும் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

பூர்வீகம், சுயசம்பாத்தியம்: அதிகம் குழப்பும் இரண்டு சொற்கள்

"தாத்தா சொத்து பேரனுக்கு" என்பது ஊர் நம்பிக்கை. இது எல்லா இடத்திலும் உண்மையில்லை.

தாத்தா தானே சம்பாதித்து வாங்கிய நிலம் சுயசம்பாத்தியம். 1956-க்குப் பிறகு அவர் உயில் இல்லாமல் இறந்தால், அது அவருடைய மனைவி, தாய், மகன்கள், மகள்களுக்குப் பிரியும். அப்படி அப்பாவுக்கு வந்த பங்கு அப்பாவின் தனிச் சொத்தாகிவிடும். அவர் உயிரோடு இருக்கும்வரை பேரன் அதில் பிறப்புரிமை கேட்க முடியாது. 1986-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. கூட்டுக் குடும்பச் சொத்தாகப் பாகம் பிரிக்கப்படாமல் தலைமுறை தலைமுறையாக வந்ததுதான் பூர்வீகச் சொத்து. அதில் மட்டும்தான் பிறந்த உடனேயே பங்கு.

அந்தப் பங்கு மகன்களுக்கு மட்டும் என்றிருந்ததைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மாற்றியது. அன்றைக்குக் கல்யாணமாகாமல் இருந்த மகள்களுக்குச் சம பங்கு வந்தது. 2005 செப்டம்பர் 9 அன்று மத்தியச் சட்டம் கல்யாணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டையும் எடுத்துவிட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகம் பதினைந்து வருடம் இழுத்தது. தேவையில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பு பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ நடந்த பாகப்பிரிவினை மட்டும் அப்படியே நிற்கும். "அப்பவே வாய்மொழியாப் பிரிச்சுக்கிட்டோம்" என்பது பொதுவாக எடுபடாது.

மகளுக்குக் கல்யாணத்தில் நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று என்பது சட்டப்படி பங்கு கொடுத்ததாகாது. இதில் நான் உறுதியாகச் சொல்வேன்: தங்கையை நடு வீட்டில் உட்கார வைத்து, அம்மாவின் கண்ணீரைக் காட்டி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது அநியாயம். மனமொப்பிக் கொடுக்கிறார் என்றால் நல்லது. பெற்றுக்கொள்ளும் தொகையைப் பத்திரத்தில் காட்டி, வங்கி மூலம் கொடுத்துவிடுங்கள். பின்னால் வரும் வழக்குக்கும் மனக்கசப்புக்கும் அதுவே தடுப்பு.

இந்த வழக்குகள் எவ்வளவு காலம் நீளும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. 1938-இல் நீதிமன்ற ஏலத்தில் ஒருவர் வாங்கிய நிலம். அவருக்கு ஒரே மகள். அந்த மகளுக்கு நிலம் சேருமா, வாங்கியவரின் சகோதரன் வழியினருக்கா என்ற கேள்விக்கு 2022 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றத்தில் விடை கிடைத்தது. மகளுக்கே என்றது நீதிமன்றம். நிலம் வாங்கி 84 வருடம் ஆகியிருந்தது. அந்த மகள் எப்போதோ இறந்துவிட்டார்.

உயில்: எழுதும் முறை

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாள் போதும், தமிழில் எழுதலாம். பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. தொலைந்துபோனது, மாற்றப்பட்டது என்ற பேச்சுக்கு இடமிருக்காது. கவனிக்க வேண்டியவை:

1. இரண்டு சாட்சிகள் வேண்டும். இருவரும் நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, உங்கள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கு என்று வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றம் வர வேண்டியிருக்கும். அதனால் உங்களைவிட வயது குறைந்தவர்களாக, எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவர்களாக இருக்கட்டும். பங்கு பெறுகிறவர்களைச் சாட்சியாகப் போடாதீர்கள்.

2. சொத்தை அடையாளம் தெரியும்படி எழுதுங்கள். "ஊரில் உள்ள நிலம்" என்றால் போதாது. சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை, உங்களுக்கு எந்தப் பத்திரம் மூலம் வந்தது, பத்திர எண், ஆண்டு எல்லாம் வேண்டும்.

3. ஒருவருக்குக் குறைத்தோ, கொடுக்காமலோ விட்டால் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். "மூத்தவனுக்கு வெளிநாட்டுப் படிப்புக்குச் செலவு செய்துவிட்டேன், அதனால் வீடு இளையவளுக்கு" என்று இருந்தால் போதும். காரணமே இல்லாத உயிலைத்தான் நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கும்.

4. "இதில் குறிப்பிடாத மற்ற எல்லாச் சொத்தும் இன்னாருக்கு" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். உயிலுக்குப் பிறகு வாங்கிய சொத்தை அது காப்பாற்றும்.

5. "என் மனைவி ஆயுள்வரை அனுபவித்து, அதன்பின் என் மகன் அடைய வேண்டியது" என்ற பழைய வாசகத்தை யோசித்துப் பயன்படுத்துங்கள். மனைவிக்குக் கிடைத்தது முழு உரிமையா, அனுபவ உரிமை மட்டுமா என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் ஏராளமான வழக்குகள் நடந்திருக்கின்றன. மனைவிக்கு முழு உரிமையோடு கொடுப்பதே மேல் என்பேன்.

6. உயிலை நிறைவேற்றி வைப்பவர் என்று நம்பிக்கையான ஒருவரின் பெயரைப் போடுங்கள். உயில் எங்கே இருக்கிறது என்று அவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

7. வயதானவர், உடல்நலம் குன்றியவர் என்றால் அன்றைய தேதியிட்ட மருத்துவர் சான்று, அவர் தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்று, கூடவே இருக்கட்டும்.

உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

உயிலா, செட்டில்மெண்டா?

பத்திரப்பதிவு அலுவலகத்தில் அதிகம் கேட்கும் கேள்வி இது. உயில் உங்கள் இறப்புக்குப் பிறகு பேசும். அதுவரை சொத்து உங்களுடையது. செட்டில்மெண்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுப்பது; பத்திரம் பதிந்த அன்றே உரிமை கைமாறிவிடும். பிறகு நீங்களாக ரத்து செய்ய முடியாது.

தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்குச் செலவு குறைவு. மதிப்பில் 1 சதவீதம் முத்திரைத்தீர்வை, 1 சதவீதம் பதிவுக் கட்டணம், இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அந்த உச்சவரம்பு முறையே 40,000 ரூபாய், 10,000 ரூபாய் என்று உயர்ந்தது. அதனால் ஒரு கோடி ரூபாய் வீட்டைக்கூட 50,000 ரூபாய்க்குள் மாற்றிவிடலாம் என்று ஆசைப்பட்டு, இருக்கும் ஒரே வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிவிட்டு, பின்னால் அதே வீட்டின் பின்கட்டுக்குப் போகும் பெற்றோர் இருக்கிறார்கள்.

2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இவர்களுக்காக இருக்கிறது. பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு கொடுத்து, அவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிட்டால் என்ன என்பதில்தான் சிக்கல். 2022-இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் வேறொரு தீர்ப்பில், இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்றது. எந்தத் தீர்ப்பையும் நம்பி இருக்காமல், பராமரிப்பு நிபந்தனையையும் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். குடியிருக்கும் ஒரே வீடு என்றால் செட்டில்மெண்டே வேண்டாம், உயில் போதும்.

செட்டிநாட்டு வீடுகள் சொல்வது

கைமாற்றும் கலையை நன்றாக அறிந்திருந்த சமூகம் ஒன்று நம் ஊரிலேயே உண்டு. நகரத்தார் குடும்பங்களில் மகனுக்குக் கல்யாணமானதும் "வேறு வைத்தல்" என்று ஒரு வழக்கம். ஒரே வீட்டுக்குள்தான் இருப்பார்கள். ஆனால் புதுத் தம்பதிக்குத் தனிச் சமையல், தனிக் கணக்கு, ஆண்டுச் செலவுக்கு ஒதுக்கிய தொகை. அதற்குள் குடும்பம் நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். அப்பா இறந்த பிறகு பெரும் சொத்தைத் திடீரென்று கையில் வாங்கித் திணறுவதற்குப் பதில், அவர் இருக்கும்போதே சிறு தொகையை வைத்து நிர்வாகம் பழகும் ஏற்பாடு இது. கோயிலுக்கும் தருமத்துக்கும் மகமை என்று தனியே ஒதுக்குவதும் கணக்கின் ஒரு பகுதியாக இருந்தது.

ஆனால் அதே ஊர்களில் மறுபக்கத்தையும் பார்க்கலாம். பர்மா தேக்கும் சுண்ணாம்புப் பூச்சுமாக எழுந்த பெரிய வீடுகள் பல, இன்று எத்தனையோ பங்காளிகளுக்குப் பொதுவாக இருக்கின்றன. சில கல்யாணத்துக்கும், முன்னோரை வணங்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கப்படுகின்றன. பராமரிப்புச் செலவை யார் கொடுப்பது என்ற கேள்வியில் கூரை இறங்கி, கடைசியில் வீடு இடிக்கப்பட்டு, தூணும் கதவும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு நிற்கின்றன.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். பிரிக்கக்கூடிய சொத்து, பிரிக்க முடியாத சொத்து என்று முதலிலேயே வகைப்படுத்த வேண்டும். பணம், பங்கு, தங்கத்தைச் சமமாகப் பிரிக்கலாம். ஒரு வீட்டையோ கடையையோ மூன்று பேருக்குச் சம பங்காக எழுதுவது நியாயம் போலத் தெரியும். பல நேரம் மூன்று பேருக்கும் பயன்படாமல் போகும். வீடு ஒருவருக்கு, அதற்கு ஈடான பணமோ நிலமோ மற்றவர்களுக்கு என்று ஏற்பாடு செய்வது மேல். தொழில் என்றால் நடத்துபவர் ஒருவர், லாபப் பங்கு மற்றவர்களுக்கு என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

வளர்க்கும் கணக்கு

ஒரு லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 8 சதவீதக் கூட்டு வட்டியில் வளர்ந்தால் ஒன்பது வருடத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம். 36 வருடத்தில் நான்கு முறை இரட்டித்து 16 லட்சம். அதே காலத்தில் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், அந்த 16 லட்சத்தின் வாங்கும் சக்தி இன்றைய இரண்டு லட்சத்துக்குச் சமம். தலைமுறை தாண்டும் சேமிப்பு விலைவாசியைவிட வேகமாக வளர வேண்டும், இடையில் உடைக்கப்படாமலும் இருக்க வேண்டும்.

உடைப்பவை பெரும்பாலும் இரண்டு: மருத்துவச் செலவு, சம்பாதிப்பவரின் அகால மரணம். அதனால்தான் முதலீட்டுக்கு முன்பே மருத்துவக் காப்பீடும், குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் இன்சூரன்ஸும் வேண்டும். வீட்டுக் கடன் இருந்தால் அந்தத் தொகைக்காவது டேர்ம் பாலிசி இருக்கட்டும். தொழில் செய்பவர்கள் பாலிசி எடுக்கும்போதே 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி, பிள்ளைகள் பேரில் எடுக்கலாம். தொழில் நொடித்தாலும் கடன்காரர்கள் அந்தப் பணத்தைத் தொட முடியாது. கடன் பற்றிய ஒரு பயத்தையும் தீர்த்துவிடலாம்: பெற்றோரின் கடனுக்கு வாரிசுகள், தங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் அது வேறு கதை.

தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை இருந்தால்

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளையின் பெற்றோருக்கு உள்ள ஒரே கேள்வி, "எங்களுக்குப் பிறகு யார்?" அந்தப் பிள்ளையின் பெயரில் நேரடியாகப் பணமோ வீடோ எழுதி வைத்தால் அதை நிர்வகிக்க ஆளிருக்காது, தவறான கைகளில் சிக்கும். 18 வயது தாண்டியதும் பெற்றோரே தானாகக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வக் காப்பாளர் சான்று பெற வேண்டும். பணத்தை ஒரு தனியார் அறக்கட்டளையில் வைத்து, மாதாமாதம் பிள்ளையின் செலவுக்குப் போகும்படி பத்திரம் எழுதலாம். உடன்பிறந்தவர் ஒருவரையும் வெளியாள் ஒருவரையும் சேர்த்து அறங்காவலர்களாகப் போடுவது பாதுகாப்பு. இதை ஒரு வழக்கறிஞரின் உதவியோடுதான் செய்ய வேண்டும். அந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

வரி

இந்தியாவில் இப்போது வாரிசு வரி கிடையாது. முன்பு இருந்த எஸ்டேட் வரி 1985-இல் நீக்கப்பட்டது. உயில் மூலமோ வாரிசாகவோ சொத்து வருவதற்கு வருமான வரி இல்லை. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் போன்ற உறவினர் கொடுக்கும் அன்பளிப்புக்கும் இல்லை. அந்தச் சொத்தில் வரும் வாடகைக்கும் வட்டிக்கும் உண்டு. விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. அப்போது அடக்க விலையாக, அப்பா வாங்கிய விலையையே எடுத்துக்கொள்வார்கள். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்றால் அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ள வழியிருக்கிறது. ஆகவே அப்பாவின் கிரயப் பத்திரத்தையும் வீடு கட்டிய பில்களையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஏற்கெனவே இறந்தவர்களின் பணம்

பத்து வருடம் தொடப்படாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். 2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் இப்படி அனுப்பியது 35,012 கோடி ரூபாய்; 10.24 கோடி கணக்குகள். அங்கே அதற்குக் கிடைக்கும் வட்டி ஆண்டுக்கு 3 சதவீதம், அதுவும் வட்டிக்கு வட்டி சேராத தனி வட்டி. ஏழு வருடம் உரிமை கோராத பங்கு ஈவுத்தொகையும், அதனுடன் அந்தப் பங்குகளும் மத்திய அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போகின்றன. எதுவும் பறிபோய்விடவில்லை, வாரிசுகள் எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். தேட வேண்டிய வழி:

1. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய உத்கம் இணையதளத்தில் பெயரையும், பான் எண் அல்லது பிறந்த தேதி போன்ற ஏதாவது ஓர் அடையாளத்தையும் கொடுத்துத் தேடலாம். கட்டணம் இல்லை. பணம் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்டு வருபவர்களை நம்ப வேண்டாம்.

2. இறப்புச் சான்றிதழும் வட்டாட்சியர் தரும் வாரிசு சான்றிதழும் எடுங்கள். வாரிசு சான்றிதழ் யார் யார் வாரிசு என்று காட்டும். யாருக்கு எவ்வளவு என்று காட்டாது. பெரிய தொகை, நாமினி இல்லை, தகராறு வேறு என்றால் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்க வேண்டியிருக்கும்.

3. நிலத்துக்கு மூலப்பத்திரம் எங்கே என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். அந்த நிலத்தில் இதுவரை நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுகள் பெயருக்குக் கூட்டுப் பட்டாவாக மாற்ற மனுக் கொடுங்கள். பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனாலும் அரசின் நில எடுப்பு, இழப்பீடு, பயிர்க் கடன் எல்லாவற்றுக்கும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

4. பழைய டைரி, தபால் அலுவலகப் பாஸ்புக், எல்.ஐ.சி. ரசீது, கூட்டுறவு வங்கிப் பங்குச் சான்று, லாக்கர் சாவி இருக்கும் பெட்டியை ஒருமுறை முழுதாகக் கொட்டிப் பாருங்கள்.

இதே பட்டியலை உங்களுக்கும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த வங்கி, எந்தக் கிளை, எந்த பாலிசி, யாருக்குக் கொடுத்த கடன், யாரிடம் வாங்கிய கடன், லாக்கர் எண், உயில் இருக்கும் இடம். பாஸ்வேர்டுகளை அதில் எழுத வேண்டாம். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது ஒருமுறை எடுத்துத் திருத்திவிட்டு, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேரிடம் சொல்லி வையுங்கள்.